நாலு கதவு வேண்டும்

கராடி
8 ஜூன் 2024

ரயன்,

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை. பெயரையே எழுதுகிறேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், நானும் பழகிக்கொள்கிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் டானியா விஷயம் எதுவானாலும் நிதானமாக மெயிலில் கடிதமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் மீடியேட்டர் மேடம் சொன்னார்கள். தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நாம் இரண்டு பேரும் வக்கீல் மாதிரி ஆகிவிடுகிறோம்.

அடுத்த வாரம் ஸ்கூல் திறக்கிறது. காலையில் நீங்கள் கராடிக்கு வந்து அவளை ஏற்றி, கேம்ப் ஏரியாவில் ஸ்கூல் வாசலில் விடுவதாக மேடம் முன்னால் ஒத்துக்கொண்டீர்கள். நம் காரைத்தான் விற்றாயிற்று. இந்த மழையில் அவளைப் பைக்கில் உட்கார வைத்துப் போக நான் விடமாட்டேன். ஒரு கார் வாங்குங்கள். பழைய கார் போதும். நாலு கதவு வேண்டும். பின் சீட்டில் பெல்ட் இருக்க வேண்டும், ஏர்பேக் இருக்க வேண்டும். ஏசி வேலை செய்ய வேண்டும். அவளுக்கு வீசிங் உண்டு என்பது நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று அத்தையிடம் பேசினேன். நீங்கள் ட்ராக் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கார் பார்த்து அலைவதாக உங்கள் அம்மாவே சொன்னார்கள். எட்டு வயதுப் பெண்ணை ஸ்கூலில் கொண்டுபோய் விடும் காரைப் பார்க்க, ரேஸ் ஓட்டுகிறவன் எதற்கு?

போன செப்டம்பரில் அவளுக்கு மூச்சு முட்டி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எத்தனை தடவை உங்களுக்குப் போன் போட்டேன் என்று எண்ணவில்லை. உங்கள் போன் ட்ராக்கில் யாருடைய பைக்குள்ளேயோ கிடந்தது. சாயங்காலம் நீங்கள் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்து பூட்டின வீட்டு முன்னால் நின்றீர்களாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னைப் பொறுத்தவரை நம் கல்யாணம் அந்தப் பூட்டின கதவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

நிக்கோல்


கோர்ப்படி
11 ஜூன் 2024

நிக்கி,

என் தமிழ் எழுத்து உனக்குத் தெரிந்ததுதான். பூனாவில் பிறந்தவன், சண்டே ஸ்கூலில் எழுதிப் பழகினவன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். இப்போது நீ சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

செப்டம்பருக்கு நான் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இனிமேல் சொல்ல மாட்டேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன், என் பூனா வாயில் அது காடி. இரண்டு காடி வாங்க என்னால் ஆகாது. வாங்கப்போவது ஒன்றுதான். அது வாரம் பூரா டானியாவை ஸ்கூலுக்குக் கொண்டுபோகும். மாதத்தில் ஒரு ஞாயிறு தளேகாவ் பக்கத்து ட்ராக்குக்கும் போகும். ஒளித்து வைத்துச் செய்யவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

ட்ராக் ஆட்கள் என்றாயே, வந்தது கிளைவ் ஒருத்தன்தான். அவன் வராமல் இருந்திருந்தால் முதல் நாளே ஏமாந்திருப்பேன். ஏரவாடாவில் ஒரு டீலர், வெள்ளி நிறத்தில் ஒரு செடான் காட்டினான். கண்ணாடி மாதிரி மின்னியது. கிளைவ் ஒன்றும் பேசாமல் பின் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தான். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் ஒரு முழத்துக்குச் சேற்றுக் கறை. வெள்ளத்தில் முங்கின காடி. மேட், சீட், டிக்கி எல்லாம் கழுவுகிறவனுக்குப் பெல்ட்டை வெளியே இழுத்துக் கழுவத் தோன்றவில்லை. அப்புறம் ஒரு ஏழு சீட்டர் பார்த்தோம். சர்ச்சுக்குக் குடும்பத்தோடு போக நல்ல காடி. ஆனால் ஒரே கனம். பிரேக்கை மிதித்தால் நிற்பதா வேண்டாமா என்று யோசித்து நிற்கிறது.

ட்ராக் என்றாலே பெரிய இன்ஜின் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காடி கனமில்லாமல் இருக்க வேண்டும், பிரேக் நன்றாக இருக்க வேண்டும், பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும். ட்ராக்கில் இன்ஜின் சீக்கிரம் சாகாது. முதலில் சாகிறது பிரேக் பேட், அடுத்தது டயர். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் கொதித்துவிடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால் இதையெல்லாம் நான் பைத்தியம் மாதிரி பார்ப்பேன். உன் பெண் போகிற ஸ்கூல் வாசலில் நிற்கிற எந்த அப்பன் தன் காடியின் பிரேக் பேடைப் பார்த்திருக்கிறான்? வானவடியில் ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் இருக்கிறது. பெட்ரோல், ஒரே கை ஓட்டினது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.

நீ ஒரு நாள்கூட ட்ராக்குக்கு வந்ததில்லை. அதனால் எழுதுகிறேன். சாகண் ஃபேக்டரியில் எனக்கு என்ன வேலை? கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, சோதனைக்கு மெஷினில் பூட்டி வைத்த பிரேக்கைப் புகைய விடுவது. அந்தச் சக்கரம் நாள் பூரா சுற்றும், எங்கேயும் போகாது. நானும் அப்படித்தான். ட்ராக்கில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் கை நடுங்கும். எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பேன். நீ, அம்மா, ஷிஃப்ட் மேனேஜர் என்று எப்போதும் மண்டைக்குள் யாராவது என்னிடம் கணக்குக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அந்த நேரத்தில் மட்டும் ஒருத்தரும் பேச மாட்டீர்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கிளைவிடம்கூடச் சொன்னதில்லை.

ரயன்


கராடி
12 ஜூன் 2024

ரயன்,

காருக்கு ஒரு பக்கத்துக்கு மேல். டானியாவின் மூச்சுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஏசி வேலை செய்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

கடைசியில் எழுதியிருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பத்து வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம். அப்போது சொல்லியிருந்தால் நானும் ஒரு ஞாயிறு வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பேனோ என்னவோ. இப்போது சொல்கிறீர்கள். இதை நான் எங்கே வைத்துக்கொள்வது?

மாதம் ஒரு ஞாயிறு எங்கே போனாலும் அது உங்கள் பாடு. ஆனால் அந்தக் காரில் டானியா உட்காரும் இடத்தில் எதிலும் கை வைக்கக் கூடாது. சீட், பெல்ட் எதையும். ட்ராக் கார்களில் பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டிருப்பதை உங்கள் போனிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு வாக்குக் கொடுங்கள்.

என்ன கலர் என்று அவள் கேட்டாள். சிவப்பு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வேறு எதையாவது வாங்கினால் நீங்களே அவளுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நிக்கோல்


கோர்ப்படி
14 ஜூலை 2024

நிக்கி,

சிவப்புதான், வாங்கியாயிற்று. வாக்குக் கொடுத்தேன், எழுதித் தரச் சொன்னால் தருகிறேன். ஏசியில் பனி விழுகிறது.

விற்றது சாந்தகுமாரி டீச்சர் என்று ஒரு அம்மா, நம் ஊர்ப் பக்கம்தான். ரிட்டையர் ஆகி மகன் வீட்டுக்குப் போகிறார்கள். காடி சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர எங்கேயும் போனதில்லை. சர்வீஸ் பில் எல்லாம் நூல் கட்டி வைத்திருந்தார்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டார்கள். என் பொண்ணு என்றேன். ட்ராக்கைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

டானியா உன்னிடம் சொன்னாளா தெரியவில்லை, காலையில் நாங்கள் நன்றாக இருக்கிறோம். பண்ட் கார்டன் பாலத்தில் டிராஃபிக்கில் நின்றால் அவள் எனக்கு மராட்டி ஹோம்வொர்க் ஒப்பிக்கிறாள். என் தமிழைத் திருத்துகிறாள். "வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஏன்ப்பா பிரேக் போடுறீங்க, மத்தவங்க வளைவுக்குள்ள போய்ப் போடுறாங்களே" என்று கேட்டாள். எட்டு வயசு, நிக்கி. யாரும் சொல்லித் தராமல் பார்த்திருக்கிறாள். காடி திரும்பும்போது சக்கரத்துக்கு ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள். அன்று முழுக்க எனக்கு ஷிஃப்ட் ஓடினதே தெரியவில்லை.

இதை எழுதினால் உனக்குப் பொறுக்காது என்று தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

ரயன்


கராடி
13 ஆகஸ்ட் 2024

ரயன்,

நேற்று ஸ்கூல் விட்டு வந்தவள் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். விளையாடும்போது விழுந்தேன் என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. முகம் கழுவி விடும்போது அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெல்ட்டைச் சொருகுறது காணோம்ப்பான்னு சொன்னேன். லேட்டாயிடுச்சு, மெதுவாப் போறேன், சீட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கோன்னாங்க."

சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தானாக எப்படிப் போகும்? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ட்ராக்குக்குப் போனீர்கள். பின் சீட்டைக் கழற்றினீர்கள், காலையில் அவசரத்தில் திருப்பிப் போட்டீர்கள். ஏரவாடாவில் ஒரு ஸ்கூட்டர்காரன் குறுக்கே வந்தான். நீங்கள் பிரேக் போட்டீர்கள். பிரேக் நன்றாக வேலை செய்திருக்கிறது, ரயன். நீங்கள் பைத்தியம் மாதிரி பார்த்துப் பார்த்து மாற்றின பேட் எல்லாம் நன்றாகப் பிடித்திருக்கிறது. கார் நின்றது. என் பெண் நிற்கவில்லை. முன் சீட்டில் போய் மோதினாள்.

டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். அந்த "ஒன்றும் இல்லை"யைக் கேட்கும் வரை நான் உட்கார்ந்திருந்த நேரத்தை உங்களால் எழுத முடியாது.

நாளையிலிருந்து அவளை நானே கொண்டுபோய் விடுகிறேன். வர வேண்டாம்.

நிக்கோல்


கோர்ப்படி
15 ஆகஸ்ட் 2024

நிக்கி,

நேற்றும், ஸ்கூல் கொடியேற்றத்துக்கென்று இன்றும் காலையில் கேட் வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறான்.

தப்பு என்னுடையது. சீட்டைக் கழற்றினேன், வாக்கை மீறினேன். கனம் குறைந்தால் எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். பெல்ட்டைச் சொருகுகிற அந்த பக்கிள் சீட்டுக்கு அடியில் போனதைப் பார்க்கவில்லை. பார்த்தபோது நேரமாகிவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, சீட்டைத் தூக்கி அதை வெளியே எடுக்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பிரார்த்தனைக்கு லேட்டாகப் போனால் வெளியே நிற்க வைப்பார்கள் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

ஆனால் ஒன்று. அம்மாவிடம் சொல்லாதே என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவளாகத்தான் மறைத்தாள். ஏன் மறைத்தாள் என்று யோசித்துப் பார். சொன்னால் காலையில் அப்பா வர மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சீட்டை இனிமேல் தொட மாட்டேன். ட்ராக்குக்குப் போகாதே என்றால் போகவில்லை. திங்கட்கிழமை வரட்டுமா?

ரயன்


கோர்ப்படி
3 அக்டோபர் 2024

நிக்கோல்,

நீ பதில் எழுதவில்லை. பதிலாக உன் வக்கீல் தாக்கல் செய்த பேப்பர் வந்தது. காலையில் கூட்டிப்போவது நிறுத்தம். மாதம் இரண்டு ஞாயிறு, அதுவும் என் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். மில்ட்ரெட் என்று அம்மா பெயரைக்கூடப் போட்டிருக்கிறார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு, "நான் உனக்குப் போலீஸா" என்று கேட்டார்கள்.

பக்கிள் விஷயத்துக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பேப்பருக்குப் பின்னால் ஜூன் மாதம் நான் உனக்கு எழுதின கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இறங்கின பிறகு கை நடுங்கும் என்று எழுதினேன். காடி ஓட்டும்போது கை நடுங்குகிறதாம். மண்டைக்குள் யாரும் பேச மாட்டீர்கள் என்று எழுதினேன். எனக்குத் தலைக்குள் குரல்கள் கேட்கிறதாம். கோர்ட்டில் அதைப் படித்துவிட்டு ஜட்ஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார். டாக்டரிடம் காட்டுகிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். உன் வக்கீல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆங்கிலத்தில் எழுதினால் வக்கீல் மாதிரி ஆகிவிடுகிறோம் என்று நீதான் எழுதினாய். நான் நம்பினேன். ஒரு கேள்விதான். மொழிபெயர்த்ததை நீ முதலிலேயே படித்தாயா?

ரயன்


கராடி
6 அக்டோபர் 2024

ரயன்,

படித்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்தேன். தப்பாக இருந்தது தெரிந்தது. திருத்தச் சொல்லவில்லை.

வக்கீல் கேட்டார். பெல்ட் ஒரு தடவை மாட்டாததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, எந்த வீட்டிலும் நடப்பதுதான் என்று கோர்ட் சொல்லிவிடும், வேறு ஏதாவது இருக்கிறதா என்றார். உங்கள் கடிதம் இருந்தது. கொடுத்தேன். ஆங்கிலத்தில் வந்ததைப் பார்த்தபோது, ஒரு வரியை மாற்றச் சொன்னால் மறுபடியும் திங்கட்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே சிவப்புக் கார் ஹாரன் அடிக்கும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் திருத்தப்போவதில்லை. நீங்கள் இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தவில்லை. நான் ஒரு வரியைத் திருத்தவில்லை. யார் செய்தது பெரிது என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன். நினைக்கும்போதெல்லாம் அந்த வீக்கம்தான் கண்ணுக்குள் வருகிறது.

இனி எனக்கு மனதில் இருப்பதை எழுதாதீர்கள்.

நிக்கோல்


கராடி
2 மார்ச் 2025

ரயன்,

எழுதாதீர்கள் என்று சொன்னவளே எழுதுகிறேன்.

நாக்பூர் ஆபீஸுக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. அமலா அக்கா அங்கே இருப்பதால் ஸ்கூல் விட்டு வந்ததும் டானியாவைப் பார்த்துக்கொள்வாள். பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறோம். கோர்ட் அனுமதி கொடுத்துவிட்டது. நீங்கள் எதிர்க்கவில்லை என்று மீடியேட்டர் மேடம் சொன்னார்கள். எதிர்ப்பீர்கள் என்று நினைத்துத் தயாராக இருந்தேன்.

அங்கே கார் இல்லாமல் முடியாது. என் பட்ஜெட்டுக்குப் பழையதுதான். அவுந்தில் ரவிசந்திரன் என்று ஒருவர் தன் வெள்ளை செடானை விற்கிறார். நான் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்த மாதிரி இருக்கிறது. இருந்த மாதிரி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆபீஸில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா? கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. உங்கள் மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை. கார் நல்லதா இல்லையா என்று நீங்கள் சொன்னால் மட்டும் நம்புவேன். அதில் உட்காரப்போகிறவள் அவள் என்பதால் கேட்கிறேன்.

நிக்கோல்


கோர்ப்படி
9 மார்ச் 2025

நிக்கோல்,

இன்று போய்ப் பார்த்தேன். எதிர்க்காமல் விட்டதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. எதிர்த்தால் இன்னொரு கடிதம் ஆங்கிலத்தில் வரும், ஜட்ஜ் மறுபடியும் மரியாதையாகக் கேட்பார். எனக்கு அது முடியாது.

ரவிசந்திரன் நல்ல மனுஷன். சாவியைக் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார். நான் காடிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பெல்ட் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன். இடது பக்க முன் கதவு ஒரு தடவை பெயின்ட் அடித்தது, சின்ன உரசல், பயப்பட வேண்டாம். இன்ஜின் சுத்தம். அப்புறம் பாஷாண் ரோட்டில் ஓட்டிப் போனேன். காலியான இடத்தில் இரண்டு தடவை பலமாக பிரேக் பிடித்தேன். நேராக நின்றது, எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை எழுதினால் நீ இதை வாங்க மாட்டாய். இன்னொன்று தேடுவாய், அதையும் என்னிடம்தான் காட்டுவாய். அதற்கும் ஒரு குறை சொல்லலாம். ஸ்கூல் திறக்கிற வரைக்கும் இழுக்கலாம். இன்ஜின் தலைப்பக்கம் ஆயில் கசிகிறது என்று எழுதினால் உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு பொய்யைத் திருத்தாமல் விட்டாய், நானும் ஒன்று எழுதியிருக்கலாம். எழுத முடியும் என்றுதான் தோன்றியது. பின்னால் திரும்பி அந்த சீட்டைப் பார்த்தேன். அப்புறம் எழுத வரவில்லை.

காடி நல்ல காடி. எடுத்துக்கொள்.

முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பணம் கொடுத்து ஆர்சி மாற்றினதும் ஒரு நாள் அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போ, நானே மாற்றிவிடுகிறேன். நீ மேலே வர வேண்டாம், சாவியை அம்மாவிடம் கொடு. டயர் நாலும் பழசாகிவிட்டது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்துவிட்டது. கிளம்பும் முன் மாற்று, இதில் மிச்சம் பிடிக்காதே. நாக்பூர் போகிற சம்ருத்தி ரோடு பூரா கான்கிரீட், நேர் ரோடு, ஏப்ரலில் சூடு ஏறும், தூக்கம் வரும். அடிக்கடி நிறுத்து. அவள் முன் சீட்டில் உட்காருகிறேன் என்று கேட்பாள். விடாதே.

நான் இப்போது ட்ராக்குக்குப் போவதில்லை. யாரும் தடுக்கவில்லை, ஞாயிறுகள் நிறைய காலியாகத்தான் இருக்கின்றன. கிளைவ் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. ஜட்ஜ் என்னைப் பார்த்த பார்வை என்னோடு இருக்கிறது, இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் கிளம்புகிற தேதியை எனக்கு எழுதாதே. அம்மாவிடமும் சொல்லாதே. எது கடைசி ஞாயிறு என்று தெரிந்தால் அன்றைக்கு அவளிடம் எனக்குச் சாதாரணமாகப் பேச வராது.

ரயன்